நாளிதழ்த் துண்டும் நாட்டின் சரித்திரமும்



அச்சில் வருவனவற்றுள் மிகக் குறைந்த ஆயுள் உடையது யாது என்று கேட்டால், நாளிதழ் என்று தயங்காமல் விடை கூறலாம். பட்டுக்கோட்டை போன்றதோர் ஊரின் கடைத்தெருவில் விடியற்காலையில் வந்து இறங்கும் செய்தித்தாள், தேநீர்க் கடையில் பலர் கைகளில் தவழ்கிறது. ஒருவர் படிக்க நால்வர் கேட்கின்றனர். மாலைக்குள் மடிப்புக் கலைந்து நைந்துபோகிறது. சில நாள் கழித்து அதே தாள், மளிகைக் கடையில் மிளகையும் சீரகத்தையும் பொட்டலம் கட்டப் பயன்படுகிறது. காலையில் அமைச்சரின் சொற்பொழிவைத் தாங்கிய தாள், பின்னர் கடுகைத் தாங்குகிறது. இதுவே அதன் விதி.

ஆயினும், அற்ப ஆயுள் படைத்த இந்தத் தாளைக் கத்தரித்து, ஒட்டி, அதனால் வல்லரசுகளையும் சினங்கொள்ளச் செய்த கலைஞர்கள் 20ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தார்கள். அவர்கள் வளர்த்த கலைக்குக் ‘கொலாஜ்’ என்று பெயர். ஒட்டுதல் என்னும் பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. நாம் ஒட்டுச் சித்திரம் என்று கூறலாம். அக்கலை எங்குத் தோன்றியது, எவ்வாறு அரசியலில் புகுந்தது, காவிரியின் கடைமடையில் வாழ்வோருக்கு அதனால் ஆவது என்ன என்பவற்றை முறையே காண்போம்.

1912ஆம் ஆண்டு. பாரிஸ் நகரில் பிக்காசோ என்னும் இளைஞர், கரிக்கோலால் வரைந்து கொண்டிருந்த படத்தின்மேல் செய்தித்தாள் துண்டுகளை ஒட்டத் தொடங்கினார். ஒரு படத்தில் கித்தார் ஒன்றும் கோப்பை ஒன்றும் உள்ளன. அவற்றின் அருகே ‘போர் தொடங்கிவிட்டது’ என்று பொருள்படும் தலைப்புத் துண்டு ஒட்டப்பட்டிருக்கிறது. அப்பொழுது பால்கன் நாடுகளில் உண்மையாகவே போர் நடந்து கொண்டிருந்தது. மற்றொரு படத்தில் மதுப்புட்டி ஒன்றைச் சுற்றி, 1912 நவம்பர் 18ஆம் நாளிட்ட பத்திரிகையின் பத்திகள் உள்ளன. போர்க்களத்தில் வாந்திபேதியால் மாண்ட வீரர்களைப் பற்றியும், போர் வேண்டா என்று பாரிஸ் நகரின் புறத்தே கூடிய பெருங்கூட்டத்தைப் பற்றியும் அவை கூறுகின்றன. ஓவியர் அரசியலை எண்ணித்தான் இவற்றை ஒட்டினாரா, அல்லது எழுத்தின் கறுப்பு வெளுப்பு அழகை மட்டும் நாடினாரா என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. எனினும் ஒன்று உறுதி. அதுவரை ஓவியன் தீட்டியதே ஓவியம் என்று இருந்தது. அன்று முதல், உலகம் அச்சிட்டுக் கொடுத்த சான்றும் ஓவியத்துக்குள் இடம்பெற்றது.

அந்தச் சான்றை வாளாகத் தீட்டியவர்கள் ஜெர்மானியர்கள். முதல் உலகப் போர் 1918இல் முடிந்தது. மன்னர் ஆட்சி வீழ்ந்தது. போரில் தோற்ற நாட்டில் பசியும் கலகமும் மலிந்தன. போர்க்காலம் முழுதும் வெற்றி வெற்றி என்று முழங்கிய பத்திரிகைகளின்மீது மக்களுக்கு இருந்த நம்பிக்கை தளர்ந்தது. அந்நிலையில் பெர்லின் நகர இளங்கலைஞர்கள் சிலர், ‘பொய்யுரைத்த தாள்களையே வெட்டி, அவற்றைக் கொண்டே மெய்யுரைப்போம்’ என்று துணிந்தார்கள் எனலாம். ‘தாதா’ என்னும் பொருளற்ற சொல்லைத் தம் இயக்கத்துக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டார்கள்.

அவர்களுள் ஹன்னா ஹோக் என்னும் பெண்மணி தனிச்சிறப்பு வாய்ந்தவர். பெர்லினில் பெரும் பத்திரிகை நிலையம் ஒன்றில், மகளிர் இதழ்களுக்குப் பின்னல், பூவேலை ஆகியவற்றின் மாதிரிகளை வரைந்து தருவது அவர் தொழில். ஆதலால் சித்திரப் பத்திரிகைகள் அவருக்குக் குறைவின்றிக் கிடைத்தன. 1919, 1920ஆம் ஆண்டுகளில் அவர் ஆக்கிய பெரிய ஒட்டுச் சித்திரத்தின் நீண்ட பெயரில் ‘சமையலறைக் கத்தி’ இடம்பெறுகிறது. வீட்டுப் பெண்ணின் கருவி நாட்டின் அரசியலை அரிந்து காட்டுகிறது என்பது குறிப்பு. அச்சித்திரத்தில் மன்னர் வில்லியம் இருக்கிறார். தளபதி இண்டன்பர்க்கின் தலை, நடனமாடும் பெண்ணின் உடலின்மேல் அமர்ந்திருக்கிறது. விஞ்ஞானி ஐன்ஸ்டீன் ஒரு மூலையிலிருந்து நோக்குகிறார். பொறிகளின் சக்கரங்கள் எங்கும் சுழல்கின்றன. இவ்வளவு ஆரவாரத்துக்கும் அப்பால், வலக்கீழ் மூலையில் சிறியதொரு தேசப்படத் துண்டு ஒட்டப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவில் பெண்கள் வாக்குரிமை பெற்ற நாடுகளைக் காட்டும் படம் அது. அதன் அருகிலேயே தம் முகத்தையும் சிறிதாக ஒட்டி வைத்தார் ஹன்னா. தளபதிகளும் மன்னர்களும் நிறைந்த தாளில், ஒரு பெண் தன் இடத்தை அவ்வாறு குறித்துக்கொண்டாள். அதே காலத்தில், 1921இல், நம் சென்னை மாகாணச் சட்டமன்றம் பெண்களுக்கு வாக்குரிமை அளிக்க இசைந்தது என்பதையும், பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் அவ்வகையில் அதுவே முதன்மையானது என்பதையும் இங்கே நினைவிற் கொள்ளுதல் நலம்.

ஹன்னாவின் தோழர்களுள் ஒருவர் ஜான் ஹார்ட்பீல்டு. இவருடைய இயற்பெயர் ஹெல்முட் ஹெர்ட்ஸ்பெல்டு. போர்க்காலத்தில் ஜெர்மனியில் ஆங்கிலேயரை வெறுக்கும் முழக்கம் ஓங்கியபொழுது, அதற்கு மறுப்பாகத் தம் பெயரையே ஆங்கிலப் பெயராக மாற்றிக்கொண்டவர். ஹன்னாவின் சித்திரம் கண்காட்சிச் சுவரில் தொங்கியது. ஹார்ட்பீல்டின் சித்திரங்களோ தொழிலாளர்களுக்கான சித்திர வார இதழில் அச்சேறி, இலட்சக்கணக்கான கைகளுக்குச் சென்றன. பத்திரிகையிலிருந்து வெட்டப்பட்டது, புதுப்பொருள் பெற்றுப் பத்திரிகைக்கே திரும்பிச் சென்றது.

1932இல் வெளிவந்த ஒரு சித்திரத்தைக் காணுங்கள். ஹிட்லர் தம் வழக்கப்படி கையைப் பின்னால் மடக்கி வணக்கம் செலுத்துகிறார். அவருக்குப் பின்னே பெருத்த உருவமுடைய செல்வர் ஒருவர் நின்று, மடங்கிய கையில் பணத்தை வைக்கிறார். ‘இலட்சோபலட்சம் என் பின்னால் நிற்கின்றன’ என்னும் ஹிட்லரின் பெருமை மொழியே அதற்குத் தலைப்பு. பின்னால் நிற்பவை மக்களா, பணமா என்பதைப் பார்ப்பவரே முடிவு செய்துகொள்ளலாம்.

1935இல் வந்த சித்திரம் இன்னும் கூர்மையானது. இரும்புதான் நாட்டை வலிமையாக்கியது, வெண்ணெய் மக்களைக் கொழுக்க வைத்ததே கண்ட பலன் என்ற கருத்துப்படக் கோரிங் என்னும் நாஜித் தலைவர் ஹாம்பர்க் நகரில் பேசினார். ஹார்ட்பீல்டு அப்பேச்சை மறுத்து ஒரு சொல்லும் எழுதவில்லை. ஒரு குடும்பம் உணவு மேசையைச் சுற்றி அமர்ந்து மிதிவண்டியின் இரும்பு உறுப்புகளைக் கடிப்பதாகவும், குழந்தை கோடரியைச் சப்புவதாகவும் நிழற்படத் துண்டுகளை ஒட்டினார். அடியில் கோரிங்கின் பேச்சை அச்சிட்டார். அவ்வளவே. தலைவர் சொன்ன சொல்லை அப்படியே நம்பினால் வீட்டில் என்ன நிகழும் என்பதைச் சித்திரம் காட்டிவிட்டது.

ஒட்டுச் சித்திரத்தின் ஆற்றல் இங்கேதான் இருக்கிறது. கேலிச் சித்திரம் வரைந்தவனை நோக்கி, ‘நீ மிகைப்படுத்தினாய், மூக்கை நீட்டினாய், வயிற்றைப் பெருக்கினாய்’ என்று குற்றம் சாட்டலாம். ஒட்டுச் சித்திரக்காரனிடம் அவ்வாறு கூற முடியாது. முகமும் உம்முடையதே, மொழியும் உம்முடையதே, இரண்டையும் அடுத்தடுத்து வைத்தது மட்டுமே நான் செய்தது என்பான் அவன். தம் வாயால் தாமே சாட்சி சொல்லும்படி நேர்வது அதிகாரத்தில் இருப்போருக்குப் பொறுக்கக்கூடியதன்று. 1933இல் நாஜிகள் ஆட்சியைப் பிடித்ததும் ஹார்ட்பீல்டின் வீட்டுக்குள் படையினர் நுழைந்தனர். அவர் மேல்மாடத்திலிருந்து குதித்துத் தப்பிப் பிராக் நகரை அடைந்தார். 1934இல் அந்நகரில் நடந்த கண்காட்சியில் அவர் சித்திரங்கள் இடம்பெற்றபொழுது, ஜெர்மன் தூதர் ஆட்சேபம் தெரிவிக்கவே அவற்றுள் சில அகற்றப்பட்டன. கத்தரியையும் பசையையும் கொண்டவனை ஒரு பேரரசு அஞ்சியது.

நண்பர்களே, இதுவரை கூறியதைக் கொண்டு, கத்தரி என்றும் மெய்யின் பக்கமே நிற்கும் என்று எண்ணிவிடலாகாது. 1920 மே 5ஆம் நாள் மாஸ்கோவில் லெனின் மேடையேறிப் படைவீரர்களிடம் பேசினார். அருகே படிக்கட்டில் டிராட்ஸ்கியும் காமனேவும் நின்றார்கள். அக்காட்சி நிழற்படமாக எடுக்கப்பட்டது. பின்னாளில் அவ்விருவரும் அரசின் பகைக்கு ஆளாயினர். அதன்பின் அச்சான படத்தில் படிக்கட்டு இருந்தது, அவர்கள் இல்லை! ஹார்ட்பீல்டு கையாண்ட அதே தொழில்தான் இது. ஆனால் நோக்கம் வேறு. ஹார்ட்பீல்டின் சித்திரத்தைக் காணும் எவரும் அது ஒட்டப்பட்டது என்பதை உடனே அறிவர். ஒட்டு மறைவின்றித் தெரிகிறது. மாஸ்கோப் படத்திலோ ஒட்டு மறைக்கப்பட்டது. தன் ஒட்டைக் காட்டுவது கலை. தன் ஒட்டை மறைத்து, இதுவே நடந்தது என்று சாதிப்பது வஞ்சனை. கைப்பேசித் திரையில் நொடிப்பொழுதில் படங்களை மாற்றிப் பரப்பக்கூடிய இந்நாளில், இவ்வேறுபாட்டை மாணவர்கள் உள்ளத்தில் இருத்துதல் இன்றியமையாதது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தமிழ்ப் பத்திரிகைக்கு அரசியல் சித்திரம் புதிதன்று. பாரதியார் ஆசிரியராய் இருந்து நடத்திய ‘இந்தியா’ வார இதழ் 1906இல் சென்னையில் தொடங்கியது, 1908இல் புதுச்சேரிக்குப் பெயர்ந்தது, 1910இல் நின்றது. அதன் முகப்பில் கேலிச் சித்திரங்களும், அவற்றுக்கு விளக்கங்களும் வெளிவந்தன. படிப்பறியாதவனும் படத்தைக் கண்டு நாட்டு நிலையை உணர வழி பிறந்தது. பின்னர் 1929இல், தொப்பி அணிந்த பகத் சிங்கின் நிழற்படம் பத்திரிகைகளில் வெளியாயிற்று. 1931இல் அவர் தூக்கிலிடப்பட்ட பின், அம்முகம் எண்ணற்ற வண்ணப் படங்களில் புகுந்து, நாடெங்கும் வீட்டுச் சுவர்களை அடைந்தது. அவ்வகைப் படங்கள் பலவற்றை அரசாங்கம் தடை செய்தது. பத்திரிகைப் படம் ஒன்று, பத்திரிகையை விட்டு வெளியேறிய பின் எத்தனை காலம் வாழும் என்பதற்கு இது சான்று.

செய்திப் படத்தையே பொருளாகக் கொண்டு நம் நாட்டில் எழுந்த படைப்புகளுள் குறிப்பிடத்தக்கது விவான் சுந்தரம் ஆக்கிய ‘நினைவுச் சின்னம்’ ஆகும். இந்தியாவின் இரண்டாம் தலைமைத் தேர்தல் ஆணையராய் விளங்கிய கே.வி.கே. சுந்தரத்தின் மைந்தர் இவர். ஓவியர் அம்ருதா ஷெர்கிலின் சகோதரி மகன். 1943இல் பிறந்து 2023இல் மறைந்தார். 1992 டிசம்பர் 6ஆம் நாள் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டதை அடுத்துப் பம்பாயில் கலவரம் மூண்டது. அப்பொழுது தெருவில் மாண்டு கிடந்த ஒரு மனிதனைப் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோஷி ஜால் படம் எடுத்தார். அது ‘டைம்ஸ் ஆப் இந்தியா’ நாளிதழில் வெளிவந்தது. அன்று அப்படத்தைப் பார்த்தவர் ஆயிரமாயிரம் பேர். பக்கத்தைப் புரட்டியவரும் அத்தனை பேரே.

சுந்தரம் பக்கத்தைப் புரட்டவில்லை. அந்த ஒரு படத்தையே எடுத்துத் திரும்பத் திரும்ப அமைத்தார். ஒன்றில் அதன்மேல் ஆணிகள் அறையப்பட்டன. ஒன்றில் அது கண்ணாடிப் பேழைக்குள் பிணம்போல் கிடத்தப்பட்டது. தகரப் பெட்டிகளை அடுக்கி ஒரு வாயில் எழுப்பினார். ஊரை விட்டு ஓடுபவன் கையில் எடுத்துச் செல்வது அத்தகைய பெட்டியைத்தானே! 1993இல் தில்லியில் இப்படைப்பு காட்சிக்கு வைக்கப்பட்டது. தெருவில் கிடந்தவனுக்கு ஈமக்கடன் செய்ய எவரும் இல்லை. ஆகவே அவனுடைய படத்துக்காவது ஓர் அடக்கத்தைக் கலைஞர் தந்தார் என்று கொள்ளலாம். ஒருநாள் வாழ்வுடைய செய்தித் துண்டு, இங்கே கல்லறைக்கு நிகரானது.

இவ்வாறு கலைஞன் வெட்டி ஒட்ட வேண்டுமாயின், முதலில் தாள் அழியாமல் இருத்தல் வேண்டும். அவ்வகையில் தமிழ்நாடு நன்றியுடன் போற்றத்தக்கவர் செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. பெயர்ப்பலகை எழுதும் ஓவியராகத் தொழில் செய்தவர் அவர். பழைய நூல்களோடு, மற்றவர்கள் குப்பை என்று எறிந்த நாடக நோட்டீசுகள், அழைப்பிதழ்கள், பத்திரிகைத் துண்டுகள் ஆகியவற்றையும் தேடித் தேடிச் சேர்த்து, பொருள்வாரியாகப் பகுத்து வைத்தார். 1992இல் அவர் காலமானார். 1994இல் சிக்காகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கிச் சென்னையிலேயே நிலைபெறச் செய்தது. இன்று அவர் பெயரிலேயே இயங்கும் ஆராய்ச்சி நூலகத்தில், தமிழகச் சரித்திரத்தை எழுதப் புகுவோர் அத்தாள்களை நாடி வருகின்றனர். பொட்டலம் ஆக வேண்டிய தாள் புலவர்க்கு ஆதாரம் ஆயிற்று.

இப்பொழுது பட்டுக்கோட்டைக்குத் திரும்புவோம். தஞ்சைத் தரணியின் நெல்வயல்கள் அனைத்தும் சோழர் காலத்துப் பாசனம் பெற்றவை என்று பலர் கருதுகின்றனர். பட்டுக்கோட்டைப் பகுதியின் கதை வேறு. 1934இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டது. அத்திட்டத்தின் பகுதியாகவே கல்லணைக் கால்வாய் வெட்டப்பட்டது. மக்கள் அதனைப் ‘புது ஆறு’ என்று வழங்குகின்றனர். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களுக்குக் காவிரி நீரைக் கொணர்ந்தது இப்புது ஆறே. ஆதலால் இங்குள்ள உழவனுக்கு மேட்டூர் என்பது தொலைவில் உள்ள ஓர் ஊரன்று. அவன் வயலின் தலைமடை. நாளிதழில் மேட்டூர் நீர்மட்டத்தைச் சொல்லும் சிறு பகுதி அவன் கண் முதலில் தேடும் இடம். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. இன்று எத்தனை அடி என்பதிலேதான் அவனுடைய விதைப்பும் கடனும் மகளின் திருமணமும் அடங்கியிருக்கின்றன.

ஆண்டுதோறும் ஜூன் 12ஆம் நாள் அணையைத் திறப்பது வழக்கம். அந்நாளுக்குரிய செய்தித் துண்டுகளை மட்டும் ஒருவர் ஆண்டுவாரியாக அடுக்கி ஒட்டினால் என்ன தெரியும்? 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்நாளில் அணை திறக்கப்படவில்லை. 2020இல் குறித்த நாளில் திறக்கப்பட்டது. 2022இல் மே 24ஆம் நாளே திறக்கப்பட்டது. 2024இல் ஜூலை மாத இறுதி வரை காத்திருக்க நேர்ந்தது. இவற்றோடு, 1924இல் சென்னைக்கும் மைசூருக்கும் ஏற்பட்ட ஒப்பந்தம், 1990இல் அமைந்த நடுவர் மன்றம், 2007இல் வந்த இறுதித் தீர்ப்பு, தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 ஆயிரம் மில்லியன் கன அடி நீர் விட வேண்டும் என்று 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் கூறிய தீர்ப்பு ஆகியவை பற்றிய துண்டுகளையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு சொல்லும் கூட்டாமலே, ஒரு நூற்றாண்டின் அரசியல் அச்சுவரில் எழுந்து நிற்கும்.

இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். ‘அணை திறக்கப்பட்டது’ என்னும் முதற்பக்கச் செய்தி ஒரு துண்டு. மலர் தூவும் கரங்களின் படம் அதில் இருக்கும். ‘கடைமடைக்கு நீர் வந்து சேரவில்லை’ என்று உள்பக்கத்தின் ஒரு மூலையில், சில நாள் கழித்துச் சிறிய எழுத்தில் வரும் செய்தி மற்றொரு துண்டு. இரண்டையும் அருகருகே ஒட்டி, இடையில் ஒரு சாண் வெற்றிடம் விடுங்கள். தலைமடைக்கும் கடைமடைக்கும் நடுவே உள்ள தொலைவு அதுவே. தூர்வாரப்படாத வாய்க்கால்களும், தவிப்போடு கழியும் நாற்றங்கால் நாட்களும் அவ்வெற்றிடத்தில் பேசும். முதற்பக்கம் எதைப் பெரிதாக்குகிறது, எதை மூலைக்குத் தள்ளுகிறது என்பதைக் கண்ணுக்குக் காட்டுவதைக் காட்டிலும் சிறந்த அரசியல் பாடம் வேறு உண்டோ?

இவ்வூர்ப் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய பட்டுக்கோட்டை அழகிரிசாமி, 1938இல் கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த தொண்டர் படைக்குத் தலைமை ஏற்றார். ஆகஸ்டு 1ஆம் நாள் புறப்பட்ட அப்படை செப்டம்பர் 11ஆம் நாள் சென்னையை அடைந்தது. அக்கிளர்ச்சியை ஆதரித்த ஏடுகளும் உண்டு. எதிர்த்த ஏடுகளும் உண்டு. இரு தரப்புத் துண்டுகளையும் ஒரே தாளில் ஒட்டுபவன், ஒரு நிகழ்ச்சிக்குக் குரல்கள் பல என்பதை அறிவான். 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபொழுது பட்டுக்கோட்டைத் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. வேரோடு விழுந்த மரங்களின் படம் சில நாட்கள் முதற்பக்கத்தில் நின்றது, பின்னர் மறைந்தது. தென்னங்கன்று நட்டுக் காய் பறிக்கப் பல ஆண்டுகள் ஆகும். செய்தியின் ஆயுளையும் தென்னையின் காலத்தையும் ஒப்பிட்டுக் காட்ட, அத்துண்டுகளைக் காத்து வைத்தவன் ஒருவன் வேண்டும்.

இக்கலையில் ஈடுபட விரும்பும் மாணவர்களுக்கு மூன்று நெறிகளைக் கூறலாம். முதலாவது, எத்துண்டை வெட்டினாலும் இதழின் பெயரையும் நாளையும் அதன் பின்புறத்தில் எழுதுங்கள். நாள் இல்லாத துண்டு பெயர் இல்லாத சாட்சி. இரண்டாவது, வெட்டி எறிந்த பகுதியில் என்ன இருந்தது என்பதை ஒரு முறை படித்துப் பாருங்கள். உங்கள் கருத்துக்கு மாறானது அங்கே இருந்தால், அதை ஒளித்து வெட்டுவது நேர்மையாகாது. மூன்றாவது, துயருற்றோர் படத்தைக் கையாளும்பொழுது அவர் நம் வீட்டவராயின் எவ்வாறு கையாள்வோமோ அவ்வாறே கையாளுங்கள்.

சரித்திரம் என்பது மன்னர் பெயர்களும் போர் ஆண்டுகளும் மட்டும் அன்று. நம் கண்முன் நடந்ததை நாமே மறவாமல் இருப்பதும் சரித்திரமே. செய்தியைப் படிப்பவன் குடிமகன்; படித்ததைக் காத்து வைப்பவன் சாட்சி; காத்ததை நேர்மையாக அடுக்கிப் பிறருக்குக் காட்டுபவன் கலைஞன். இம்மூன்று நிலைகளுள் முதலாவதோடு நின்றுவிடாதீர்கள். அடுத்த முறை ஒரு நாளிதழைப் பழைய தாள் கடைக்கு அனுப்புமுன், அதில் நம் ஊருக்காகப் பேச வேண்டிய வரி ஏதேனும் உளதா என்று பாருங்கள். இருப்பின், கத்தரியை எடுங்கள், நாளையும் குறியுங்கள்.